நாலாவது வரிசை

மதியம் லுஹர் தொழுதவர்கள் எல்லாம் கலைந்துபோய்விட்டார்கள். நோன்பு இருபத்தொன்பது அன்று துணிக்கடைக்காரர்களுக்குப் பள்ளிவாசலில் என்ன வேலை, தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடப் போய்விடுவார்கள். மிச்சம் இருந்தது ஜக்கரியாவும், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்ட பச்சைப் போர்வையும், போர்வைக்குப் பின்னால் அவருடைய பாயும் தலையணையும்தான். ஒன்பது நாளாக இதுதான் வீடு. ரமலானின் கடைசிப் பத்து நாளும், மூன்று தெரு சேர்ந்த இந்த மஹல்லாவில் ஒருவராவது பள்ளிக்குள்ளேயே தங்கி இஃதிகாஃப் இருந்தாக வேண்டும். ஒருவர் இருந்துவிட்டால் எல்லோரும் தப்பித்தார்கள், ஒருவரும் இல்லையென்றால் எல்லோர் தலையிலும் குற்றம். வியாபாரம் சூடுபிடிக்கும் இந்தப் பத்து நாளில் யார் வந்து உட்காருவார்கள்? பொதுப்பணித்துறையில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருப்பவர், ஐந்து வருடமாக ஜக்கரியாதான் உட்காருகிறார். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளுவுக்கும் கழிப்பறைக்கும் தவிர அவர் பள்ளியின் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது போர்வையிலிருந்து நாலே எட்டில், கடைசி வரிசைத் தூண்களின் அடியில், தரையில் பதித்திருக்கும் கறுப்புக் கல் வரி. அந்த வரிக்கு அப்பால் தகரக் கூரை போட்ட முற்றம். சாயங்காலம் அஸர் நேரத்துக்கு அந்த முற்றத்தில்தான் அவருடைய தம்பி இத்ரீஸைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள்.

காலையில் பத்து மணிக்கு, பாங்கு சொல்கிற மோதினார் அப்பாஸ் மைக்கைத் தட்டியபோதே இவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த மனுஷன், இன்றோ நாளையோ என்று ஊரே பேசிக்கொண்டதுதான். ஆனாலும் அப்பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மஹல்லாவாசிகள் கவனத்திற்கு, மர்ஹூம் ஷம்சுத்தீன் ராவுத்தர் மகனாரும் ஜக்கரியா ராவுத்தருடைய தம்பியும் ஹாரூனுடைய தகப்பனாருமான இத்ரீஸ் ராவுத்தர்" என்று ஆரம்பித்ததும், மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை, 'ஜக்கரியா ராவுத்தருடைய தம்பி' மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது. பதினோரு வருடமாக அப்படி யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் அந்த ஓரம், ஒருவர் இந்த ஓரம். ஹாரூன் கல்யாணத்தில்கூட இவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கை கொடுக்காமல் வந்தவர். ஊர் மறந்துபோன உறவை மைக் ஒரே மூச்சில் மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி எடுத்துப் போட்டுவிட்டது. அறிவிப்பு முடிந்ததும் அப்பாஸ் போர்வைக்கு வெளியே வந்து நின்று, "அண்ணே" என்றார். "அஸர் தொழுதுட்டு அடக்கம்ணே. பிறை தெரிஞ்சிருச்சுன்னா நாளைக்குப் பெருநாள், அதான் இன்னைக்கே வச்சுட்டாங்க." இவருக்கு வாய் வரவில்லை என்பதை அப்பாஸ் வைராக்கியம் என்று எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்துபோனார்.

பிறை. இன்று சூரியன் மறைகிற மக்ரிபுக்குப் பிறை தெரிந்தால் இஃதிகாஃப் முடிந்தது, பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மக்ரிபு ஆறரைக்கு, அடக்கம் ஐந்தரைக்கு. ஒரே ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லலாமா? யாரிடம் சொல்வது, ஹாரூனிடமா, எந்த முகத்தை வைத்துக்கொண்டு? ஜக்கரியா மல்லாந்து படுத்தார். மேலே கல் கூரை. கூரை என்றால் ஒரு கையில் தூக்குகிற சமாச்சாரம் இல்லை, யானை படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளப் பலகைகள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு படுத்திருக்கின்றன. ஒன்று இறங்கினால் போதும். ஏன் இறங்காமல் இருக்கிறது? அறுநூறு வருடம் என்பார்கள் சிலர், நானூறு என்பார்கள் சிலர். அடித்தளத்தில் இருக்கிற தமிழ்க் கல்வெட்டில் வரியில்லா நிலமாகக் கொடுத்த கதை இருக்கிறது, கொடுத்த ராஜாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கல் பொரிந்துவிட்டது. குதிரை விற்க வந்தவர்கள் கட்டியது என்று அத்தா சொல்வார். குதிரை விற்றவர்கள் கட்டச் சொன்னார்கள், கட்டியவர்கள் கோயில் கட்டிப் பழகிய கல்தச்சர்கள். அவர்களுக்கு மண்டபம்தான் தெரியும். மண்டபத்தையே மேற்கே திருப்பிவைத்து, தூணில் யாளி வர வேண்டிய இடத்தில் வாழைப்பூவும் தாமரையுமாகச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். உருவம் இல்லை, ஆனால் அந்தக் கை அடையாளம் அப்படியே இருக்கிறது. இமாம் நிற்கிற மிஹ்ராபு மாடத்துக்கு மேலே ஒரு கொடி ஓடுகிறது பாருங்கள், அதன் நுனியில் ஒரு கிளியை வைக்கப் போய் கடைசி நிமிடத்தில் இலையாக்கிவிட்டான் என்று இத்ரீஸ் சொல்லுவான். மூக்கு தெரியுதுல்லண்ணே, பாரு. சின்ன வயதில் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்து பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் பிரம்படி வாங்கியிருக்கிறார்கள். இலைதான். மூக்கு மாதிரி இருக்கிற இலை. அதைப் பார்க்கக்கூடாது என்று ஜக்கரியா கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடினால் அந்தக் கூட்டம் வந்து நிற்கிறது. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜமாஅத் கூட்டம், இதே முற்றத்தில், அப்போது தகரம் இல்லை. முற்றத்துக்குக் கூரை போட்டால் எது பள்ளி எது வெளி என்று ஆட்கள் குழம்பிப்போவார்கள், அதனால் எல்லையில் கறுப்புக் கல் பதித்துவிடுங்கள் என்று அப்போதிருந்த ஹஜ்ரத் சொன்னார். தூண்கள் நாலு வரிசை. முதல் மூன்று வரிசை பள்ளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாலாவது வரிசையில்தான் தகராறு. அது ஆதியிலேயே பள்ளியோடு சேர்த்துக் கட்டியது என்று ஜக்கரியா படம் வரைந்து, நீலத் தாளில் நகல் எடுத்து, கம்பு வைத்துச் சுட்டிக்காட்டிப் பேசினார். பழக்கடை வைத்திருந்த இத்ரீஸ் கையில் படம் கிடம் ஒன்றும் கிடையாது. எழுந்து நின்று, "அது பின்னாடி கட்டுனதுண்ணே. பள்ளிக்காகக் கட்டல, மய்யித்து வைக்கிறதுக்காக நிழலுக்குக் கட்டுனது. நம்ம மத்ஹபு வழக்கத்துல மய்யித்தைப் பள்ளிக்குள்ள வச்சுத் தொழுகிறதில்ல, அதான் வெளியே ஒரு வரிசை தனியா இழுத்து விட்டிருக்காங்க. தரையில நாலு குழி இருக்கு பாருங்க, மய்யித்தைத் தூக்கிட்டு வர்ற சந்தூக்குக் கால் நிக்கிறதுக்கு" என்றான். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அரசாங்க உத்தியோகம், சபை நடுவே கம்பும் கையுமாக நிற்கிற நேரம், கூடப்பிறந்தவன் குறுக்கே பேசுகிறான். "மய்யித்து குளிப்பாட்டுறவனுக்கு மண்டபத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. முப்பது வருடமாக அந்த மஹல்லாவில் இறந்துபோன ஒவ்வொரு ஆணின் மய்யித்தையும் ஒரு தம்பிடி வாங்காமல் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கஃபனிட்டவன் இத்ரீஸ். சிரித்தவர்களில் பாதிப் பேருடைய தகப்பனைக் குளிப்பாட்டியவன். அவர்களும் சிரித்தார்கள். இத்ரீஸ் உட்காரவில்லை, கோபப்படவும் இல்லை, தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறு வெள்ளிக்கிழமை கறுப்புக் கல் நாலாவது வரிசைக்கு வெளியே பதிக்கப்பட்டது.

நாலு குழி. அதை நினைக்காமல் வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தால் முதுகுக்கு அடியில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு போட்டு அடைத்த சதுரம், பாய் வழியாகவே தெரிகிறது, வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது குதிகாலுக்குக் கீழே ஒன்று. ஐந்து வருடமாக இங்கேதான் போர்வை கட்டுகிறார், காற்று இங்கேதான் வரும், உள்ளே போகப் போகக் கல் வெக்கையைக் கக்கும். காற்றுக்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. இல்லை, கொஞ்சம் வேறு எதற்காகவும்தான்: தான் பள்ளி என்று சொன்ன இடத்தில் தானே உட்கார்ந்து காட்ட வேண்டும் என்ற வீம்பு. அன்றைக்கு அளவு எடுத்தபோது அந்தக் குழிகளையும் டேப் வைத்து அளந்தவர்தான். ஆறடிக்கு இரண்டேகால் அடி. ஆறடிக்கு இரண்டேகால் அடியில் நாலு கால் நிற்கிற சாமான் உலகத்தில் என்ன இருக்கிறது? விளக்குத் தண்டு என்று கேட்டவர்களிடம் சொன்னார். சொன்னது போதாதென்று, தூணையும் படியையும் ஹவுள் தொட்டிக்குப் போகிற வடிகாலையும்கூட விடாமல் வரைந்தவர், அந்த நாலு புள்ளியை மட்டும் படத்தில் வைக்காமல் விட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் இருப்பதை இல்லையென்று அவர் வரைந்த ஒரே படம் அது. பேனாவைத் தூக்கி வைத்துவிட்டு, மை காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

முற்றத்தில் நோன்புக் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தது. பட்டை, பூண்டு, தேங்காய்ப்பால். பசி இல்லை, வாசனை மட்டும் நெஞ்சில் மோதுகிறது. தெருக்கோடியில் ஒரு கடைக்காரன் ஒலிபெருக்கியில் தள்ளுபடி தள்ளுபடி என்று கத்துகிறான், அவனுக்கென்ன. நடுவில் அது நின்றபோது தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் யாசீன் ஓதுகிற சத்தம் காதில் விழுந்தது. இத்ரீஸ் வீடு. எட்டு வீடு தள்ளி. ஜக்கரியா கண்ணைத் திறந்தார், மறுபடியும் அதே கூரை. மூன்றாவது நோன்பு நாளில், இல்லை, இஃதிகாஃபின் மூன்றாவது நாளில், இப்படித்தான் படுத்திருந்தபோது பொருக்கு ஒன்று உதிர்ந்து நேரே கண்ணில் விழுந்தது. கசக்கிக்கொண்டு பார்த்தால் மூன்றாவது வரிசைக்கு மேலே, கூரைப் பலகையின் அடிவயிற்றில், வெள்ளையடிப்பு விட்டுப்போன இடத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு காடி. நேர்கோடாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை. படம் வரைகிறவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் கல்லின் அடியோடு ஓடி உள்ளே வராமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக இறவாரத்தின் ஓரத்தில் வெட்டுகிற காடி. இறவாரத்தில் வெட்டுவான், வீட்டுக்குள்ளே எவனும் வெட்டமாட்டான். ஒரு காலத்தில் பள்ளி அந்தக் கோட்டோடு முடிந்திருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது. அப்படியென்றால் நாலாவது வரிசை பின்னால் வந்தது, இத்ரீஸ் சொன்ன மாதிரியே வந்தது, அப்படியென்றால் ஜக்கரியா இப்போது படுத்திருப்பது பள்ளியில் இல்லை. மூன்று நாளாக வெளியே படுத்துக்கொண்டு உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே எழுந்து பாயைப் பத்தடி உள்ளே இழுத்துப் போட்டிருந்தால் என்ன? அப்பாஸ் கேட்பார், என்னண்ணே இடம் மாத்திட்டீங்க. வெயில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். எழுந்திருக்க முடியவில்லை. பத்தடி. அந்தப் பத்தடி தூரம் நடந்தால் இத்ரீஸ் ஜெயித்துவிடுவான். ஆறு நாள் அந்தக் காடியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார், குர்ஆன் ஓதினார், அழுது துஆ கேட்டார், இழுக்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டே வழிதான் இருக்கிறது, இரண்டும் அடைப்பு. இது பள்ளி என்றால் வரியைத் தாண்ட முடியாது, தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாது, ஜனாஸாத் தொழுகையில் நிற்க முடியாது, மஹல்லா முழுக்கச் செய்ய வேண்டிய சுன்னத்தான இஃதிகாஃப் இவர் தலையில் இருக்கிறது. இது பள்ளி இல்லை என்றால் தாராளமாக எழுந்து போகலாம், உடைவதற்கு இஃதிகாஃப் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் தம்பிக்காக இஃதிகாஃபை முறித்த தியாகி என்று பெயர் வரும், அது இன்னொரு பொய். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிச் சந்தூக்குப் பக்கமாக நடக்கலாமா என்றுகூடப் புத்தி போயிற்று. போகிற வழியில் நிற்கக்கூடாது, நடந்துகொண்டே பார்க்கலாம். தம்பி மய்யித்தைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் பார்க்கிற அண்ணன்! சீ, நீயும் ஒரு மனுஷன். அது சரி, சொன்னால் என்ன ஆகும்? ஐந்து வருடமாக நீ எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள். ஐந்து ரமலான், மஹல்லாவில் ஒருவரும் இஃதிகாஃப் இருக்கவில்லை என்று ஆகும். கல் பதித்தது நீதானே என்பார்கள். படத்தை எடுத்துக்கொண்டு வா என்பார்கள். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நோன்பு. மழை. ஏன் மழை ஞாபகம் வருகிறது? காடியை நினைத்ததால் வருகிறது. இல்லை, அது வேறு மழை. அத்தா மௌத்தான அன்றைய மழை. இவருக்கு ஒன்பது வயது, இத்ரீஸுக்கு ஐந்து. முற்றம் முழுக்க முழங்கால் தண்ணீர், ஹவுள் நிரம்பி மீன் வெளியே வந்துவிட்டது, இத்ரீஸ் மீனைப் பார்த்துச் சிரிக்கிறான், இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அத்தா நனையவில்லை. அத்தாவின் மேல் போர்த்திய பச்சைத் துணி காய்ந்தே இருந்தது. முற்றம் திறந்த முற்றம், பள்ளிக்குள் வைப்பதில்லை, அத்தா எப்படி நனையாமல் இருந்தார்? எங்கே வைத்திருந்தார்கள்? எங்கே வைத்திருந்தார்கள் என்று இத்தனை வருடமாக அந்த ஞாபகம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மீனைப் பார்க்கத் திரும்பிவிடுவார். இப்போது மீன் இல்லை. இங்கேதான் வைத்திருந்தார்கள். இந்தப் பாய் கிடக்கிற இடத்தில். ஒன்பது வயதிலேயே பார்த்தவர். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஜக்கரியா எழுந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதார்.

நாலரை மணிக்கு ஹஜ்ரத் வந்தார். இளவயது, நல்ல மனுஷன், இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, பழைய சண்டை எதுவும் சரியாகத் தெரியாது. போர்வைக்கு வெளியே நின்றே பேசினார். "ஜக்கரியாண்ணே, நான் கிதாபு பார்த்துட்டேன். காலை வெளியே வைக்காம, தலையை மட்டும் வரிக்கு அங்கிட்டு நீட்டுனா இஃதிகாஃப் முறியாது. ரசூலுல்லாவே பள்ளியில இருந்துக்கிட்டு வீட்டுப் பக்கமா தலையை நீட்டிக் கொடுத்திருக்காங்க, ஆயிஷா நாயகி சீவி விட்டிருக்காங்க. சந்தூக்கை வரி ஓரமா வைக்கச் சொல்லியிருக்கேன். தம்பி முகத்தைப் பார்த்துக்கங்க. மத்தவங்க தொழுகிற நேரம் நீங்க உள்ள உக்காந்து துஆ செய்ங்க, அதுபோதும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது ஜக்கரியாவின் வாய். வழி கிடைத்துவிட்டது. முகமும் பார்க்கலாம், ஒன்றும் சொல்லவும் வேண்டாம். ஆனால் கடைசியாக இருந்த இடுக்கையும் யாரோ வெளியிலிருந்து அன்பாகப் பூசி அடைத்தது போல இருந்தது.

கலிமா சத்தம் தெருவில் கேட்டு, வாசலில் கேட்டு, முற்றத்துக்குள் வந்தது. சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். பாங்கு சொல்லி அஸர் தொழுதார்கள், ஜக்கரியாவும் உள்ளே முதல் ஸஃப் வரிசையில் நின்று தொழுதார், எத்தனை ரக்அத் என்பது இமாம் சலாம் கொடுத்தபோதுதான் தெரிந்தது. கூட்டம் முற்றத்துக்கு நகர்ந்து வரிசை போட ஆரம்பித்தது. இவர் வரிக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கறுப்புக் கல்லில் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டினார். ஆட்கள் பார்க்கிறார்கள். யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள், என்ன பேணுதல் பாருங்க என்றார்கள். ஹாரூன் முகத்துணியை விலக்கினான். இத்ரீஸ் மெலிந்துபோயிருந்தான். மூக்கு மட்டும் அத்தாவுடையது மாதிரியே. ஹாரூன் எதிர்ப்பக்கம் குனிந்து, இவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"பெரியத்தா, ஒண்ணு சொல்லணும். நீங்க உக்காந்த அன்னைக்கே அத்தா என்னைய உங்ககிட்ட அனுப்புனாங்க. 'அண்ணன் பாயை மூணாவது வரிசைக்கு உள்ள இழுத்துப் போடச் சொல்லு, இல்லாட்டி பத்து நாளும் வீணாப் போயிரும்'னாங்க. 'நான் சொன்னேன்னு சொல்லாத, சங்கடப்படுவாரு. வெயிலு, தகரத்துச் சூடு, அப்படி எதையாச்சும் சொல்லி உள்ள தள்ளிரு'ன்னாங்க. எனக்குத்தான் பயம், மறுபடி சண்டையாயிருமோன்னு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். சொல்லிட்டேன்னு அத்தாகிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுருங்க."

ஜக்கரியா நீட்டிய கழுத்தோடு அப்படியே இருந்தார். சாகக் கிடந்தவன் ஜெயிக்க நினைக்கவில்லை. அண்ணனின் பத்து நாளைக் காப்பாற்ற நினைத்திருக்கிறான், அதுவும் அண்ணனுக்குத் தெரியாமல். இந்தப் பக்கம் இவர், ஜெயித்துவிடுவானே என்று ஆறு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஊன்றிய கைக்கு முன்னால் ஒரு முழங்கால் போயிற்று, பிறகு இன்னொன்று.

"அண்ணே, அண்ணே, இஃதிகாஃப் போயிருமே!" என்று ஹஜ்ரத் ஓடி வந்தார்.

"இருந்தாத்தானே ஹஜ்ரத் போறதுக்கு" என்றார் ஜக்கரியா. எழுந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நாலாவது வரிசை பள்ளி இல்ல. மய்யித்து வைக்கக் கட்டுனது. சந்தூக்குக் கால் வைக்கிற குழியை நான்தான் படத்துல போடாம மறைச்சேன். அஞ்சு வருஷமா நான் வெளியேதான் உக்காந்திருக்கேன். என் தம்பி சொன்னதுதான் சரி."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அஸ்தஃபிருல்லாஹ் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப அஞ்சு வருஷமா மஹல்லா கதி?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்குப் பதில் சொல்ல நாளை இருக்கிறது, வாழ்நாள் முழுக்க இருக்கிறது. ஜக்கரியா சந்தூக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தருகே வாயைக் கொண்டுபோய், "நீ சொன்னதுதாண்டா சரி, இத்ரீஸ்" என்று இன்னொரு தடவை சொன்னார். கேட்க வேண்டியவன் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.